இரண்டு பேருக்கு ஒரு செக்

என் பெயரில் வருகிற பில் எல்லாம் தானாகவே போய்விடும். கரண்ட், தண்ணீர், போன், கார் இன்ஷூரன்ஸ், இரண்டு வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத ஜிம், எல்லாவற்றுக்கும் ஆட்டோ-பே. மாதத்தில் ஏதோ ஒரு நாள், நான் ஆறாம் நம்பர் ஹைவேயில் சிக்னலுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதோ, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்பக்கம் அலைந்துகொண்டிருக்கும்போதோ, கண்ணுக்குத் தெரியாத யாரோ வந்து எனக்காகக் கட்டிவிட்டுப் போகிறார். ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு கடிதத்தை முழுதாகப் படிக்கிற பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதாகிறது. இனி வாய்க்கும் என்றும் தோன்றவில்லை.

என் மாமனாருக்கு அந்தப் பொறுமை உண்டு. ஊரில் ட்ரெஷரியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவர். மற்றவர்களின் பென்ஷன் பில்லைப் பார்த்துப் பாஸ் பண்ணுவது வேலை. கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஸ்பான்சர் பண்ணி, மாமாவும் அத்தையும் கிரீன் கார்டில் இங்கே சுகர் லேண்டுக்கு வந்தார்கள். ஐந்து வருஷம் முடிந்ததும் இரண்டு பேருக்கும் மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, கிடைத்தது.

இங்கேயே வேலை பார்த்து ரிடையர் ஆனவர்களுக்கு மெடிகேர் பிரீமியம் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசாங்கப் பென்ஷன் பணத்திலேயே பிடித்துக்கொள்ளப்படும். அது போவது அவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை. மாமாவும் அத்தையும் இந்த நாட்டில் ஒரு நாள்கூடச் சம்பளம் வாங்கியதில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தபாலில் பில் வரும், ஆளுக்கு ஒன்றாக.

பில் வந்த மறுநாள் காலையில் மாமா குளித்து, காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வருவார். மேஜையைத் தானே ஒரு தடவை துடைப்பார். இரண்டு செக், இரண்டு கவர், இரண்டு ஸ்டாம்ப். ஒவ்வொரு செக்கிலும் அவரவர் மெடிகேர் நம்பர். நம்பரை எழுதிவிட்டுக் கார்டைப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டிவரை நடந்து போவார். வெயில் நூறு டிகிரி அடித்தாலும் அந்த நடையை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

"ஆட்டோ-பே போட்டுடலாம் மாமா. அஞ்சு நிமிஷ வேலை," என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"என் சட்டைப் பைக்குள்ள என் கைதாம்மா போகணும். கவர்மெண்டு கையா போகணும்?" என்பார்.

"கவர்மெண்டு கைதான் முப்பத்தஞ்சு வருஷம் உங்க பையில காசு போட்டுச்சு," என்பார் அத்தை சமையல் அறையிலிருந்து.

"போடுறது வேற, எடுக்கிறது வேற."

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற ஆள் அவர். ஃப்ரீவேயில் போனால் எக்ஸிட் போர்டு, முன்னால் போகிற லாரியின் முதுகு, கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை இங்கே வந்து, ரோடு ரோடாக வாசித்து, தானே தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "இந்த ஜன்னல் பிளைண்ட்ஸ் ஏம்மா வளைஞ்சிருக்கு?" என்று கேட்டார். நான் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். வளைந்திருக்கிற மாதிரிதான் எனக்கும் இருந்தது. புது பிளைண்ட்ஸ் ஆர்டர் பண்ணினேன். புதிதும் வளைந்திருக்கிறது என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வளைந்தது ஜன்னல் இல்லை.

விழித்திரையில் கசிவு என்றார் கண் டாக்டர். ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை இடது கண்ணுக்குள்ளேயே ஊசி. அத்தை, "போட்டா நேராகிடுமா?" என்றார். "மேற்கொண்டு வளையாம பார்த்துக்கலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது. ஒரு தடவை போன பார்வை திரும்பி வராது," என்றார் டாக்டர். அன்றிலிருந்து அத்தை தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட்மீல் டப்பாவைப் படிக்கிறார். டப்பாவின் கோடுகள் நேராக இருந்தால் அன்றைய நாள் நல்ல நாள். அந்த ஊசி ஒன்றின் விலையை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். அதைத் தாங்கிக்கொண்டிருந்தது மெடிகேர்.

இந்த மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவர் வாரத்தில் நாலு நாள் மிட்லண்டில் சைட்டில் இருப்பவர், அன்றும் அங்கேதான். நான் வீட்டிலிருந்து வேலை. மீட்டிங்கில் காதில் ஹெட்போனோடு ஹாலுக்கும் கராஜுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அத்தை ஒரு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, வலது கண்ணால் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப் எடுக்க மாமாவின் ஃபைலைத் திறந்திருக்கிறார். தன் பெயரைப் பார்த்திருக்கிறார்.

"இதுல என் பேரு போட்டு, 'யுவர் கவரேஜ் வில் எண்ட்'னு இருக்கு. எனக்கு என்ன எண்டு ஆகப்போகுது?"

மைக்கை மியூட்டில் போடாமலேயே "என்ன அத்தை?" என்று கத்திவிட்டேன். மீட்டிங்கில் இருந்த பதினாலு பேரும் கேட்டிருப்பார்கள்.

வாங்கிப் படித்தேன். நின்றுகொண்டு படித்தேன். முதல் பில்லுக்குப் பணம் வரவில்லை, இரண்டாவது பில்லுக்கும் வரவில்லை, இதுதான் கடைசி அறிவிப்பு, இந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் மெடிகேர் முடிந்துவிடும். அந்தத் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. அத்தையின் அடுத்த ஊசி அதற்கு மறுநாள், வியாழக்கிழமை.

மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் சிரித்தார். "அதுவா? அது பழைய லெட்டரும்மா. நாமதான் கட்டிட்டோமே. அவங்களுக்கு ஏற லேட்டாகும். இதைப் பாரு," என்று ஃபைலைப் புரட்டி இன்னொரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அது அவருடைய பில். கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, உங்கள் கணக்கில் கூடுதலாக இருக்கிறது என்று போட்டிருந்தது. "ஆறு வருஷம் ஒரு நாள் தவறாமக் கட்டினோம்ல, நமக்கு ஏதோ சலுகை குடுத்திருக்கான்."

சலுகையைப் பற்றிக் கோயிலில் நாலு பேரிடம் அவர் சொல்லியும் இருந்தார். பின்னால் தெரிந்தது.

"மாமா, போன தடவை எப்படிக் கட்டினீங்க?"

"எப்பவும் போலத்தான்."

"ரெண்டு செக்கா?"

மாமா ஃபைலை மூடினார். செக் புத்தகத்தில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம் இருந்திருக்கிறது. புதுப் புத்தகம் வர இரண்டு வாரம் ஆகும் என்றிருக்கிறது வங்கி. கடைசித் தேதி தாண்டக் கூடாது என்று இரண்டு பேருக்குமான தொகையை ஒரே செக்கில் எழுதி, இரண்டு நம்பரையும் போட்டு, இரண்டு பில் துண்டையும் ஒரே கவரில் வைத்து அனுப்பிவிட்டார். முதலில் எழுதியது அவருடைய நம்பர்.

"ரேஷன் கார்டு குடும்பத்துக்கு ஒண்ணுதானேம்மா? வீட்டு வரி வீட்டுக்கு ஒண்ணு. நாங்க ஒரே வீட்டுல, ஒரே பேங்க் அக்கவுண்டுல இருக்கோம். அவளும் நானும் வேற வேறயா?"

"மெடிகேருக்கு வேற வேறதான் மாமா."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஐம்பத்தைந்து வருஷமாக அவர்கள் இருவரும் ஒரே அட்டையில் அரிசி வாங்கியவர்கள், ஒரே பூட்டுச் சாவியில் வீட்டைப் பூட்டியவர்கள். அவர் அனுப்பிய பணம் முழுவதும் அவர் கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று மாதமாக அத்தையின் பெயர் காலியாக நின்றிருக்கிறது. அத்தை பெயருக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் மாமாவே பிரித்து, ஒழுங்காகத் துளைபோட்டு, தேதி வாரியாக ஃபைலில் வைத்துமிருக்கிறார்.

மாமா கடிதத்தைத் திரும்ப வாங்கி, முதல் வரியிலிருந்து படித்தார். முடித்ததும் மேஜை மேல் வைத்து, ஓரங்களை நேராக்கினார். மறுபடி நேராக்கினார்.

"ஊரு பில்லையெல்லாம் திருப்பி அனுப்பினவரு," என்று ஆரம்பித்த அத்தை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "காபி போடட்டுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, மாமா மேல் இல்லை. நான் வெப்சைட்டுக்கு வெப்சைட், ஆப்புக்கு ஆப் தாவுகிறவள். அலுவலகத்தில் மற்றவர்களுடைய கான்ட்ராக்டை வரி வரியாகப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அந்த ஃபைலை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. ஆறு வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த எண்பது வயதுக் கை இரண்டு செக் எழுதியதால்தான் நான் இவ்வளவு தூரம் அலைந்து திரிய முடிந்தது. அந்த ஃபைலைக் கையில் பிடித்தபோது அதன் கனம் எனக்குப் புதிதாக இருந்தது.

மெடிகேருக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி ஒரு இசை. நடக்க முடியவில்லை, ஏனென்றால் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைக்க வேண்டியிருந்தது. அத்தை பேச வேண்டும், மாமா கேட்க வேண்டும். ஐம்பது நிமிஷம் மூன்று பேரும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அத்தை பட்டாணி உரித்தார். ஒரு கட்டத்தில் மாமாவும் உரிக்க ஆரம்பித்தார். நானும்.

ஒரு பெண் குரல் வந்தது. சோளக் கூழ் மாதிரி மெதுவான, சூடான, இந்த நாட்டுத் தெற்கத்திக் குரல். கார்டுக்குச் சொந்தக்காரர் பேச வேண்டும் என்றாள். அத்தை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர் சொன்னார். முகவரியை, போர்டு படிக்கிற மாதிரி, பின்கோடு வரை சொன்னார். பிறந்த தேதி கேட்டாள். சொன்னார்.

"லெட்ஸ் ட்ரை தட் ஒன் மோர் டைம், மேம்," என்றாள்.

"ஐயோ, சர்டிஃபிகேட் தேதி! சர்டிஃபிகேட் தேதி!" என்றார் மாமா பல்லுக்குள்.

அத்தை சொன்னது உண்மையாகப் பிறந்த தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்ட தேதி வேறு. பாஸ்போர்ட்டிலிருந்து மெடிகேர் வரை எல்லாம் ஹெட்மாஸ்டர் பக்கம். அத்தை மறுபடி சொன்னார், இந்தத் தடவை ஹெட்மாஸ்டருடையதை. "தட்ஸ் தி ஒன்," என்றாள் அந்தப் பெண், ஒரு சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்டு.

"உங்கள் சார்பில் இவர் பேசலாமா? இவர் உங்களுக்கு யார்?"

"மை டாட்டர்."

"டாட்டர்-இன்-லா," என்றேன் நான்.

"யெஸ், யெஸ். தட் ஆல்ஸோ," என்றார் அத்தை.

நான் நடந்ததைச் சொன்னேன். விசைகள் தட்டும் சத்தம். பிறகு மாமாவிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் கணக்கையும் பார்த்தாள். "ஓ, ஹனி," என்றாள். சிறிது நிறுத்தி, "இங்கேதான் இருக்கிறது, அம்மாவுடைய பணம் அத்தனையும் ஐயாவுடைய கணக்கில் உட்கார்ந்திருக்கிறது," என்றாள். அதை மாற்றச் சொல்லி எழுதலாம், ஆனால் நாளாகும். அவருடைய அடுத்த பில்களுக்கு அது தானாகவே கழிந்துவிடும். அம்மாவுக்கு உள்ளதை இன்றைக்கே ஆன்லைனில் கட்டிவிடுங்கள், தேதிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் கவரேஜ் ஒரு நாள்கூட விட்டுப்போகாது. சொல்லிவிட்டு, வைத்துவிடவில்லை அவள். "நான் லைனிலேயே இருக்கிறேன், கட்டுங்கள்," என்றாள்.

அவள் முகம் எனக்குத் தெரியாது. பெயரைச் சொன்னாள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். எந்த ஊரில், எந்த நாற்காலியில், எத்தனையாவது அழைப்பாக எங்களைச் சுமந்துகொண்டிருந்தாள்? அவளுக்குப் பின்னால் வேறு வேறு போன்களில் வேறு வேறு கிழவர்களுக்காகப் பேசும் குரல்கள் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தன. இந்த நாட்டின் மேல் எனக்கு ஆயிரம் புகார் உண்டு. அந்த மத்தியானம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கட்டுவதற்கு அத்தையின் பெயரில் ஒரு ஆன்லைன் அக்கவுண்ட் திறக்க வேண்டியிருந்தது. பாஸ்வேர்ட் கேட்டது. அத்தை கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு விரலால், ஒரு கண்ணால், தானே அடித்தார்.

"என்ன போட்ட?" என்றார் மாமா.

"சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"எனக்குமா?"

"யாருக்குமேன்னு எழுதியிருக்குங்க."

கட்டினோம். பணம் அனுப்பப்பட்டது என்று வந்தது. அதே பக்கத்தில் இனிமேல் மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு கேள்வி. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மாமாவைப் பார்க்கவில்லை. "போட்டுடும்மா," என்றார். "எனக்கு ஊசி முக்கியம்."

தானாக எடுப்பது ஆரம்பமாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம், அதுவரை பில் வந்தால் கட்டிவிட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினாள் போன் பெண். அப்புறம் மாமாவுக்கும் போட்டுவிடலாமா என்றாள். மாமா தலையாட்டினார், வேண்டாம் என்று. எழுந்து, உரித்த பட்டாணியைச் சமையல் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் வீடு கொஞ்சம் மெல்லப் பேசியது. டாலஸ் பக்கம் படிக்கிற என் மகள் வீடியோவில் வந்து, "தாத்தா, ஜஸ்ட் டூ ஆட்டோ-பே, இட்ஸ் ஸோ ஈஸி," என்றாள். "ஈஸிதாம்மா," என்றார் தாத்தா, போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார். பணம் வங்கியிலிருந்து போய்விட்டதா என்று நான் தினமும் பார்த்தேன். நாலாம் நாள் போனது. ஆனாலும் அந்தப் பக்கம் ஏறியிருக்க வேண்டுமே. தேதிக்கு முந்தின இரவு என் கணவர் மிட்லண்டிலிருந்து, "ஒண்ணும் ஆகாது, விடு," என்றார். விட எனக்குத் தெரிந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் கண் மருத்துவமனைக்குப் போனோம். வழக்கமாக மாமா வருவதில்லை. அன்று காலர் சட்டையோடு முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். வரவேற்பு மேஜையில் சின்னப் பெண், கல்லூரி முடித்த வயது. அத்தையின் கார்டை வாங்கினாள். கணினியில் எதையோ தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். என் கால் தரையில் தாளம் போட ஆரம்பித்தது. மாமா என் பக்கத்தில் நின்றிருந்தார். ட்ரெஷரியில் தன் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று அவர் நினைத்தாரா, தெரியாது.

அவள் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். "யூ ஆர் ஆல் செட்," என்றாள், அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்கிற வார்த்தை. எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நர்ஸ் வந்து அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை கைப்பையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, "பத்து நிமிஷம்," என்று சொல்லி உள்ளே நடந்தார். கடைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி.

மாமாவும் நானும் சுவரோரம் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவர் கைப்பையை மடியில் நிறுத்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு மட்டும் அதுல போகுது, இல்லையாம்மா?"

"எது மாமா?"

"பிரீமியம். நான் மட்டும் தனியா செக் எழுதிட்டு உட்கார்ந்திருப்பேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நாளைக்கு எனக்குக் கை நடுங்குச்சுன்னா, கண்ணு தெரியலைன்னா, எனக்கு நின்னு போச்சுன்னா அவதானே ஓடணும்?" மடியில் கைப்பையை நேராக்கினார். "எனக்கும் போட்டுடு."

"இப்பவா? வீட்டுக்குப் போய்ப் போடலாம் மாமா."

"இப்பவே போடும்மா. வீட்டுக்குப் போனா மனசு மாறிடும்."

பர்ஸிலிருந்து மெடிகேர் கார்டை எடுத்துக் கொடுத்தார். நான் போனில் அவருக்கு ஒரு அக்கவுண்ட் திறந்தேன். பாஸ்வேர்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை அவர் கையில் கொடுத்தேன். வெகு நேரம் எடுத்து அடித்தார். வங்கிக் கணக்கு எண் கேட்டது. செக் புத்தகம் கொண்டுவரவில்லையே என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். ரெண்டு. ஏழு. நடுவில் நிறுத்தி, நான் அடித்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "ம்," என்று மேலே போனார்.

பாதியில் அத்தை வெளியே வந்தார். இடது கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. டிஷ்யூவால் ஒத்திக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் மந்திரம் சொல்றீங்க?"

"கொஞ்சம் இரு," என்றார் மாமா. "இன்னும் நாலு நம்பர் இருக்கு."

அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் கைப்பையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். அவர் அந்த நாலையும் சொன்னார்.